மரத்தளமும் வினைலும் போடுமுன் ஈரலிப்பை அளப்பது எப்படி: ஒன்ராறியோ வீட்டுக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஸ்காபரோ, மார்க்கம், பிரம்டன் போன்ற இடங்களில் வீடு வாங்கி, பழைய காப்பெற்றைக் கழற்றிவிட்டு மரத்தளமோ வினைல் பலகையோ போட எண்ணியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த வீடுகளில் பெரும்பாலும் இரண்டு வகை அடித்தளங்கள் இருக்கும். மேல்மாடிகளில் மரச்சட்டங்களின் மேல் அடித்த பிளைவூட் அல்லது மரச்சீவல்களை அழுத்தி ஒட்டிய ஓ.எஸ்.பி. பலகை இருக்கும், பேஸ்மென்டில் மண்ணின் மேல் நேரடியாகக் கொட்டிய கொங்கிறீட் இருக்கும். இரண்டும் ஈரத்தைப் பிடிக்கும் விதமும் விடும் விதமும் வேறு என்பதால், அளக்கும் முறையும் வேறு. பலகை விற்கும் கடையில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தளம் போட வருபவரோ உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்க முற்படுவார். எங்கள் பேஸ்மென்டில் அப்படித் தடவிப் பார்த்து "நல்லாக் காய்ஞ்சிருக்கு, நாளைக்கே தொடங்கலாம்" என்று சொல்லப்பட்ட அதே இடத்தில், துளையிட்டு அளந்தபோது உள்ளே ஈரப்பதன் 88 சதவீதமாக இருந்தது. நாங்கள் தெரிவுசெய்திருந்த பசைக்குத் தயாரிப்பாளர் அனுமதித்த எல்லை 75. கை உணர்வது கொங்கிறீட்டின் தோலை மட்டுமே. தளத்தைக் கெடுக்கும் ஈரம் அதற்குக் கீழே இருக்கிறது.

1. முதலில் தாள்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

எவ்வளவு ஈரலிப்பு இருந்தால் தளம் போடலாம் என்பதற்கு எல்லாப் பொருள்களுக்கும் பொதுவான ஒரே எண் கிடையாது. பலகையின் தயாரிப்பாளர் ஓர் எல்லையை எழுதியிருப்பார். பசையின் தயாரிப்பாளர் இன்னோர் எல்லையை எழுதியிருப்பார். அடியில் விரிக்கும் படலத்துக்கு வேறோர் எல்லை இருக்கும். இவற்றுள் மிகக் குறைந்தது எதுவோ அதுவே உங்கள் வீட்டுக்குரிய எல்லை. வினைல் பலகை 85 சதவீதம் வரை தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும், பசை 75 வரைதான் தாங்கும் என்றால் நீங்கள் 75-ஐத் தாண்டக்கூடாது. ஆகவே எதையும் வாங்குமுன், ஒவ்வொரு பொருளின் பொருத்தல் அறிவுறுத்தலையும் தயாரிப்பாளரின் இணையத்தளத்திலிருந்து இறக்கிச் சேமித்து வையுங்கள். விற்பனையாளர் வாயால் சொல்வது பின்னர் எதற்கும் உதவாது.

அந்தத் தாளில் எல்லையுடன் சோதனையின் இலக்கமும் குறிப்பிடப்பட்டிருக்கும். கொங்கிறீட்டுக்கு, ஏ.எஸ்.டி.எம். என்னும் தரநிர்ணய அமைப்பின் எஃப் 2170 அல்லது எஃப் 1869 என்று இருக்கும். எந்த இலக்கம் கேட்கப்பட்டிருக்கிறதோ அந்தச் சோதனையையே செய்யவேண்டும். ஒன்றின் முடிவை மற்றொன்றின் எண்ணாக மாற்றிக் கணக்கிட வழியில்லை.

வீட்டைப் பற்றியும் சில விவரங்களை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். தரைக்குள் சூடாக்கும் குழாய்கள் ஓடுகின்றனவா என்பது முதற்கேள்வி. ஓடினால், அவற்றின் வரைபடம் கையில் இல்லாமல் எங்கும் துளையிடக்கூடாது. கொண்டோவில் இருப்பவர்கள் நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதியின்றிக் கொங்கிறீட்டைத் தொடவே கூடாது, ஏனெனில் சில கட்டடங்களில் தளத்தின் உள்ளே இழுவிசையில் இறுக்கிய உருக்குக் கம்பிகள் இருக்கும். அவற்றுள் ஒன்றை வெட்டினால் ஏற்படும் ஆபத்து உங்கள் வீட்டோடு முடிவதில்லை. 1990-க்கு முன் கட்டிய வீடாக இருந்து, பேஸ்மென்டில் 9 அங்குலச் சதுர ஓடுகளோ கறுப்பு நிறப் பசையோ தென்பட்டால், அவற்றை உடைக்கவோ தேய்க்கவோ வேண்டாம். அவற்றில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். ஒரு துண்டை ஆய்வுகூடத்தில் சோதித்து முடிவு வந்த பின்னரே மேற்கொண்டு எதையும் செய்யுங்கள்.

2. வீட்டை வாழும் நிலைக்குக் கொண்டு வாருங்கள்

அளவெடுக்கக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பிருந்தே வீட்டின் வெப்பநிலையும் ஈரப்பதனும் நீங்கள் அங்கு குடியிருக்கும்போது இருக்கும் நிலையில் இருக்கவேண்டும். கதவு, யன்னல்களை மூடி, வெப்பமூட்டியையோ குளிரூட்டியையோ வழமைபோல் இயக்குங்கள். சிறிய ஈரப்பதன் மானி ஒன்றை அறையில் வைத்து, காலையும் மாலையும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. தளம் விரைவில் காயட்டும் என்று மின்விசிறியையோ ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தையோ தரையை நோக்கி ஓடவிட்டு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே சிலர் அளப்பார்கள். அப்போது மேற்பரப்பு மட்டும் காய்ந்து எண் அழகாக வரும். பலகை போட்டு மூடியபின் அடியிலுள்ள ஈரம் மெல்ல மேலேறிவிடும். உலர்த்துவதற்கு இயந்திரம் வைக்கலாம், அதில் தவறில்லை. அளப்பதற்கு முன் அதை நிறுத்தி, வீட்டை வழமையான நிலையில் விட்டுவைக்கவேண்டும்.

பருவத்தையும் கவனியுங்கள். ஜனவரியில் உள்ளறைக் காற்று மிகவும் வறண்டிருக்கும், நிலமும் உறைந்திருக்கும். அப்போது பேஸ்மென்ட் தரையின் மேற்பரப்பு எப்போதும் காய்ந்ததாகவே தோன்றும். பனி உருகும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் அத்திவாரத்தைச் சுற்றியுள்ள மண் நீரால் நிறைந்திருக்கும். பேஸ்மென்டில் தளம் போடுவதாக இருந்தால், அந்த இளவேனிலில் ஒருமுறையாவது தரையைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

3. மர அடித்தளத்தை அளத்தல்

மரத்துக்கான மீற்றர்கள் இரண்டு வகை. ஒன்றில் இரண்டு ஊசிகள் இருக்கும். அவற்றை மரத்தில் குத்தினால், இடையில் மின்சாரம் ஓடுவதற்குள்ள தடையைக் கொண்டு ஈரலிப்பைச் சொல்லும். மற்றது ஊசியில்லாதது, மரத்தின் மேல் தட்டையாக வைத்தால் போதும், துளை விழாது. அடித்தளத்துக்கு ஊசி மீற்றரும், புதிய பலகைகளுக்கு ஊசியில்லாததும் வசதியானவை. ஊசி மீற்றர்கள் பொதுவாக டக்ளஸ் ஃபெர் என்னும் மரத்துக்கு அளவு திருத்தப்பட்டவை. ஓக் போன்ற மரங்களுக்கும் பிளைவூட், ஓ.எஸ்.பி. ஆகியவற்றுக்கும் மீற்றருடன் வரும் அட்டவணையைப் பார்த்து எண்ணைத் திருத்திக்கொள்ளவேண்டும், அல்லது மீற்றரிலேயே அந்த மர வகையைத் தெரிவுசெய்யவேண்டும். திருத்தாத எண்ணை நம்பி வேலையைத் தொடங்குவது இத்துறையில் மிகப் பரவலான தவறு.

அமெரிக்க தேசிய மரத்தள சங்கத்தின் வழிகாட்டுதலின்படி, 1,000 சதுர அடிக்குக் குறைந்தது 20 இடங்களில் அடித்தளத்தை அளக்கவேண்டும். அறையின் நடுவில் மட்டும் குத்திப் பார்த்துவிட்டு எழும்பாதீர்கள். வெளிக்கதவுக்கு உட்புறம், குளியலறைக்கு வெளியே, பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் முன், யன்னலுக்குக் கீழே, பேஸ்மென்டிலிருந்து மேலேறும் படிவாசல் ஆகிய இடங்களில் எண் எப்போதும் வேறாகவே இருக்கும். பேஸ்மென்டின் கூரை திறந்திருந்தால், அங்கிருந்து மேலே பார்த்துப் பிளைவூட்டின் அடிப்பக்கத்தையும் சட்டங்களையும் அளந்துவிடுங்கள். ஆணியோ ஸ்டேபிளோ உள்ள இடத்துக்கு அருகே ஊசி பட்டால் எண் எகிறும். அதை ஈரம் என்று எண்ணிப் பயப்படாமல் சிறிது தள்ளிக் குத்துங்கள். எண்களின் சராசரியை எடுக்கும்போது, மற்றவற்றைவிட அதிகமாக நிற்கும் இடத்தை அந்தச் சராசரிக்குள் கரைத்துவிடாமல் தனியே குறித்துவையுங்கள். அந்த இடத்தில் ஒரு குழாய் கசியக்கூடும்.

அடுத்து, போடப்போகும் பலகைகளை அளக்கவேண்டும். ஒரே பெட்டியில் அல்லாமல் பல பெட்டிகளைத் திறந்து, 1,000 சதுர அடிக்கு 40 பலகைகள் என்ற கணக்கில் பாருங்கள். இந்தக் கட்டத்தில் இரண்டு நிபந்தனைகள் நிறைவேறவேண்டும். அடித்தளத்தின் ஈரலிப்பு, பெரும்பாலான தயாரிப்பாளர்கள் கேட்கும் 12 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதோடு, அடித்தளத்துக்கும் திண்ம மரப் பலகைக்கும் இடையிலான வேறுபாடு, பலகை 3 அங்குலத்துக்குக் குறைவான அகலமுடையதானால் 4 புள்ளிக்குள்ளும், 3 அங்குலமோ அதற்கு மேலோ ஆனால் 2 புள்ளிக்குள்ளும் இருக்கவேண்டும். உதாரணமாக அடித்தளம் 11, பலகை 7 என்று வந்தால், 2¼ அங்குலப் பலகைக்கு அது எல்லையில் நிற்கிறது. இப்போது பலரும் விரும்பும் 5 அங்குலப் பலகைக்கோ போதவே போதாது. முதல் நிபந்தனையை மட்டும் பார்த்து "12-க்குக் கீழேதானே" என்று சொல்பவரிடம் இரண்டாவதைக் கேளுங்கள்.

பலகைகளைச் சில நாட்கள் வீட்டில் வைத்தால் போதும் என்று கூறப்படுவதுண்டு. நாட்களின் எண்ணிக்கைக்கு இதில் பெறுமதி இல்லை. மரம் வந்து நிற்கும் எண்ணே முக்கியம். சுமார் 21 பாகை செல்சியசில், காற்றின் ஈரப்பதன் 30 சதவீதமானால் மரம் ஏறத்தாழ 6 சதவீத ஈரலிப்பில் நிலைகொள்ளும். 50 சதவீதமானால் 9-க்குச் சற்று மேலே. 70 சதவீதமானால் 13 அளவில். வெப்பமூட்டி இயங்காத புதிய வீட்டிலோ கராஜிலோ பெட்டிகளை அடுக்கி வைத்தால், மரம் அந்த இடத்து ஈரத்துக்குத்தான் பழகும்.

புதிதாகக் கட்டிய வீடு என்றால் இன்னும் பொறுமை வேண்டும். கட்டுமானத்துக்கு வரும் "காய்ந்த" சட்டங்களே 19 சதவீதம் வரை ஈரலிப்போடு இருக்க அனுமதி உண்டு. கூரை போடுமுன் மழையில் நனைந்த பிளைவூட் அதற்கும் மேலே நிற்கும்.

4. கொங்கிறீட்: முதற்சோதனை

கொங்கிறீட் 28 நாட்களில் காய்ந்துவிடும் என்ற நம்பிக்கையை முதலில் விட்டுவிடுங்கள். அந்த 28 நாட்கள் அதன் பலம் கணிக்கப்படும் காலமே. உலர்வதற்கும் அதற்கும் தொடர்பில்லை. ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு மாதம் என்ற பொதுக்கணக்குப்படி 4 அங்குலத் தளத்துக்கு ஏறத்தாழ நான்கு மாதங்கள் பிடிக்கும். அதுவும் வீடு கூரையிட்டு மூடி, வெப்பமூட்டி இயங்கத் தொடங்கிய நாளிலிருந்தே எண்ணப்படவேண்டும். இடையில் மீண்டும் நனைந்தால் அந்தக் கணக்கு உதவாது. பழைய வீடுகளின் நிலை வேறு. பல பழைய பேஸ்மென்ட்களில் கொங்கிறீட்டுக்கு அடியில் பொலித்தீன் விரிக்கப்படவில்லை என்பதால், ஐம்பது ஆண்டுகள் ஆன தரையிலும் மண்ணின் ஈரம் ஆவியாக மேலேறிக்கொண்டே இருக்கும். "பழைய கொங்கிறீட், எப்போதோ காய்ந்திருக்கும்" என்ற பேச்சை ஏற்காதீர்கள்.

செலவில்லாத முதற்சோதனை பொலித்தீன் தாள். 18 அங்குலச் சதுரமான தெளிவான தடித்த தாளைச் சுத்தமான கொங்கிறீட்டில் நான்கு பக்கமும் டேப்பால் இறுக ஒட்டி, 16 மணி நேரமாவது விட்டுவிட்டு எடுத்துப் பாருங்கள். தாளின் அடிப்பக்கத்தில் நீர்த்துளிகள் இருந்தாலோ, மூடியிருந்த இடம் கருமை படர்ந்திருந்தாலோ தரையிலிருந்து ஈரம் வருகிறது. தாளின் மேற்பக்கத்தில் நீர் இருந்தால் அது அறைக் காற்றின் நீர்: கோடையில் 25 பாகையும் 60 சதவீத ஈரப்பதனும் உள்ள காற்று, 16 பாகையில் உள்ள குளிர்ந்த தரையைத் தொட்டதும் நீராகப் படியத் தொடங்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, காற்றின் ஈரத்துக்காகத் தரைக்குப் பூச்சு வாங்கியவர்களும் உண்டு.

தாளின் கீழ் ஒன்றும் தெரியாவிட்டால் தரை காய்ந்துவிட்டதாகக் கொள்ளவேண்டாம். ஆழத்தில் உள்ள ஈரம் 16 மணி நேரத்தில் மேலே வந்து சேராமல் இருந்திருக்கலாம். இந்தச் சோதனையால் "ஈரம் இருக்கிறது" என்று உறுதியாகச் சொல்லமுடியும்; "இல்லை" என்று சொல்லமுடியாது.

கொங்கிறீட்டுக்கான மின்னணு மீற்றரும் முதற்சோதனைக்கே உரியது. அது மேலுள்ள ஓர் அங்குலத்துக்கு உட்பட்ட பகுதியையே உணரும். ஆனாலும் தரை முழுவதையும் அரை மணி நேரத்தில் அளந்து, எந்த மூலை மற்றவற்றைவிட ஈரமாக உள்ளது என்று அறிவதற்கு அதைவிட நல்ல கருவி கிடையாது. மரத்துக்கான மீற்றரைக் கொங்கிறீட்டில் வைத்து வரும் எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை.

5. கொங்கிறீட்: முடிவெடுக்கும் சோதனை

எஃப் 2170 எனப்படும் உள்ளீரப்பதன் சோதனையே நான் பரிந்துரைப்பது. தரையில் துளையிட்டு, அதன் அடியில் உணர்கருவியை வைத்து, கொங்கிறீட்டின் உள்ளே காற்றில் எவ்வளவு ஈரப்பதன் உள்ளது என்று பார்ப்பதே இதன் முறை. துளையின் ஆழம் மிக முக்கியம். பேஸ்மென்ட் போல ஒரு பக்கம் மட்டும் காயும் தளத்தில், தடிப்பின் 40 சதவீத ஆழம். அதாவது 4 அங்குலத் தளத்துக்கு 1.6 அங்குலம், 3 அங்குலத் தளத்துக்கு 1.2 அங்குலம். மேலும் கீழும் காயும் மாடித் தளத்தில் 20 சதவீதம். தளம் போட்டு மூடியபின் ஈரம் மறுபடி பரவிச் சமநிலை அடையும்போது மேற்பரப்பு எந்த நிலைக்கு வருமோ, அதை இப்போதே காட்டும் ஆழம் இது. ஆகவே "கொஞ்சம் துளைத்தால் போதும்" என்று விடக்கூடாது.

முதல் 1,000 சதுர அடிக்கு மூன்று துளைகள், அதற்கு மேல் ஒவ்வோர் ஆயிரத்துக்கும் ஒன்று. மின்னணு மீற்றர் காட்டிய ஈரமான இடத்திலும், வெளிச்சுவரிலிருந்து 3 அடிக்குள்ளும் துளைகள் அமையும்படி பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் தரையில் நடுப்பகுதி 71 காட்டியபோது, வடிகால் மூடிக்கு அருகே 88 காட்டியது; நடுவில் மட்டும் துளைத்திருந்தால் அந்தத் தரை தேறியிருக்கும். துளையிட்டபின் உள்ளே உள்ள தூளைத் தூரிகையாலும் வெற்றிட உறிஞ்சியாலும் முழுமையாக அகற்றி, உணர்கருவிக்கான உறையைச் செருகி, மூடி, 24 மணி நேரம் கழித்து எண்ணைப் படிக்கவேண்டும். முன்பு 72 மணி நேரம் காத்திருக்கச் சொன்ன விதி இப்போது 24 ஆகக் குறைக்கப்பட்டுள்ளது. பழைய தாளோடு வருபவர் 72 என்றால் அதில் கெடுதல் இல்லை, ஆனால் துளைத்த ஒரு மணி நேரத்தில் படிப்பவரின் எண்ணை ஏற்கவேண்டாம். துளைக்கும்போது எழும் வெப்பமும் தூளும் எண்ணை மாற்றிவிடும். மூன்று துளைகளின் சராசரியை எடுக்கவும் கூடாது. ஒவ்வொரு துளையும் எல்லைக்குள் இருக்கவேண்டும்.

எஃப் 1869 என்பது கல்சியம் குளோரைட் சோதனை. தரையைத் தேய்த்துச் சுத்தமாக்கி, 24 மணி நேரம் திறந்துவிட்டு, எடை பார்த்த சிறு தட்டு ஒன்றைப் பிளாஸ்ரிக் மூடியின் கீழ் 60 முதல் 72 மணி நேரம் வைத்து, உறிஞ்சிய நீரை எடையால் அறிவார்கள். முடிவு, 1,000 சதுர அடிக்கு 24 மணி நேரத்தில் எத்தனை இறாத்தல் என்று வரும். 3 இறாத்தல் என்பது தாள்களில் அதிகம் காணப்படும் எல்லை. இதுவும் மேற்பகுதியின் ஈரத்தையே அளக்கிறது என்பதால், தயாரிப்பாளர் கேட்டாலொழிய நான் இதைத் தெரிவுசெய்யமாட்டேன்.

6. காரத்தன்மை

பசையால் ஒட்டுவதாக இருந்தால் மட்டும் இது தேவை. காய்ச்சி வடித்த நீரைத் தரையில் சிறு வட்டமாக விட்டு, 60 விநாடிகள் கழித்து, காரத்தன்மையைக் காட்டும் பி.எச். தாளை அதில் தொட்டு, வரும் எண்ணைப் பசையின் தாளுடன் ஒப்பிடுங்கள். குழாய் நீர் வேண்டாம்.

7. எண் கூடிவந்தால்

முதலில் வெளியே போய்ப் பாருங்கள். கூரைக் குழாய் அத்திவாரத்தின் அருகிலேயே நீரைக் கொட்டுகிறதா, மண் வீட்டை நோக்கிச் சரிந்திருக்கிறதா, யன்னல் குழிகளில் நீர் தேங்குகிறதா என்று கவனியுங்கள். இவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவு, பெரும்பாலும் உள்ளே போடும் பூச்சைவிடக் குறைவு. நீரிறைக்கும் பம்பும் பின்னோட்டத் தடுப்பு வால்வும் பொருத்த ரொறன்ரோ மாநகராட்சியின் மானியத் திட்டம் ஒன்று உண்டு. நிபந்தனைகளை வேலை தொடங்குமுன் வாசித்துக்கொள்ளுங்கள்.

புதிய வீட்டில், பேஸ்மென்ட் சுவர் அல்லது அத்திவாரம் வழியாக நீர் ஊடுருவுவதற்கு எதிராக, ஒன்ராறியோவின் புதிய வீட்டு உத்தரவாத அமைப்பான டாரியனின் உத்தரவாதம் இரண்டு ஆண்டுகளுக்கு உண்டு. அந்தக் காலம் முடியுமுன் சுவரையும் தரையையும் மூடிவிட்டால் கசிவு கண்ணில் படாமலே போகலாம். அவசரமில்லாதவர்கள் அதுவரை பேஸ்மென்டைத் திறந்தே வைத்திருப்பது நல்லது.

வெளியே எல்லாம் சரியாக இருந்தும் எண் இறங்காவிட்டால் மூன்று வழிகள் உள்ளன. காத்திருந்து மீண்டும் அளக்கலாம். புதிய கொங்கிறீட்டுக்கு இதுவே சிறந்த வழி. இரு கூறுகளைக் கலந்து பூசும் எபொக்சி ஈரத்தடுப்பைப் போடலாம். அதற்குத் தரையை இயந்திரத்தால் சுரண்டித் தயார்செய்யவேண்டும் என்பதால் செலவு பெரிது. அல்லது பொருளையே மாற்றலாம். திண்ம மரப் பலகையை நிலமட்டத்துக்குக் கீழே போடுவதைத் தயாரிப்பாளர்கள் பொதுவாகவே அனுமதிப்பதில்லை. நீர்புகா வினைல் என்றால் அளக்கவே தேவையில்லை என்று கடையில் சொல்வார்கள். பலகைக்கு ஒன்றும் ஆகாதுதான். ஆனால் அதன் அடியில் சிக்கும் ஈரம் பசையை இளக்கும், சுவரோரம் பூஞ்சணம் பிடிக்கவைக்கும். அந்தப் பேஸ்மென்டில் வயதான பெற்றோரோ வாடகைக்கு ஒரு குடும்பமோ உறங்கப்போகிறார்கள் என்றால், இதை இலேசாக எடுக்கவேண்டாம்.

8. செலவும் காலமும்

சாதாரண ஊசி மீற்றர் ஐம்பது டொலர் அளவிலேயே கிடைக்கும். மர வகைக்கேற்ப எண்ணைத் திருத்திக் காட்டும் தரமான கருவிக்குச் சில நூறு டொலர்கள் ஆகும். உள்ளீரப்பதன் சோதனைக்கான உணர்கருவிகளையும் அவற்றின் எண்ணைக் காட்டும் படிப்பானையும் வாங்குவதைவிட, தளம் விற்காத, தளம் போடாத ஒருவரை அழைத்து அளப்பிப்பதே புத்திசாலித்தனம்; முடிவில் அவருக்கு இலாபம் இல்லாததால் எண்ணை நம்பலாம். சர்வதேச கொங்கிறீட் பழுதுபார்ப்பு நிறுவனமான ஐ.சி.ஆர்.ஐ. இதற்கெனச் சான்றிதழ் வழங்குகிறது. அழைக்கும்போது அந்தச் சான்றிதழ் உண்டா, துளைகளை யார் அடைப்பது, அறிக்கை எழுத்தில் கிடைக்குமா என்ற மூன்றையும் கேளுங்கள்.

வீட்டைத் தயார்செய்ய இரண்டு நாட்கள், துளையிட்டுக் காத்திருக்க ஒரு நாள், அறிக்கை வரச் சில நாட்கள் என்று ஒரு வாரத்தை ஒதுக்குங்கள். பலகைக்கு முற்பணம் கட்டுமுன் இதைச் செய்தால், எண் எதைக் கேட்கிறதோ அந்தப் பொருளை வாங்கலாம். கழிவு விற்பனை முடியப்போகிறது என்று கட்டிவிட்டால், வாங்கிய பொருளுக்கு ஏற்ப எண்ணை வளைக்கத் தோன்றும். தரையை மட்டப்படுத்தும் கலவை ஊற்றியிருந்தால், அதுவும் நீர் கலந்ததே. அதன் தாளில் சொன்ன காலம் கழிந்தபின் மறுபடி அளக்கவேண்டும். முதல் சோதனைக்கும் தளம் போடும் நாளுக்கும் இடையில் பல வாரங்கள் சென்றுவிட்டாலும் அவ்வாறே.

9. பதிவு

வீட்டின் எளிய வரைபடம் ஒன்றில், அளந்த ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் இலக்கம் இடுங்கள். அதன் எதிரே திகதி, நேரம், காற்றின் வெப்பநிலை, ஈரப்பதன், மீற்றரின் பெயரும் தொடரிலக்கமும், கிடைத்த எண் ஆகியவற்றை எழுதி, மீற்றரின் திரை தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். தளம் போடுபவருடன் செய்யும் ஒப்பந்தத்தில் "ஈரலிப்பு அறிக்கை பார்க்கப்பட்டது, தயாரிப்பாளரின் எல்லைக்குள் உள்ளது" என்ற ஒரு வரியைச் சேர்த்து, வேலை தொடங்கும் நாளன்று அவரிடம் கையொப்பம் வாங்குங்கள். பின்னர் பலகை விளிம்புகள் மேலெழும்பி உத்தரவாதம் கோரப்போனால், தயாரிப்பாளர் முதலில் கேட்பது இந்த அறிக்கையைத்தான். அது இல்லையென்றால் கோரிக்கையை நிராகரிக்க அவருக்கு அதுவே போதும். துளைகளைச் சீமெந்துக் கலவையால் அடைத்து, அவை இருந்த இடங்களையும் அதே வரைபடத்தில் குறித்து, பற்றுச்சீட்டுகளுடனும் மீந்த ஒரு பெட்டிப் பலகையுடனும் சேர்த்து வையுங்கள்.